பாலத்தில் நல்லான் சாக வேண்டுமா

செஞ்சி
ஞாயிறு, மத்தியானம்

பத்மா,

இங்கே எல்லாரும் சுகம் என்று போன வாரமே உன் அம்மா கார்டு போட்டுவிட்டாள். அதனால் அதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதம் வியாழக்கிழமை மண்டிக்கு வந்தது. சென்னையில் ஒரு பதிப்பகத்தார் உன் தொடர்கதையைப் புத்தகமாகப் போட விரும்புகிறார்கள் என்று படித்ததும், தராசில் நின்ற மூட்டையை இறக்கச் சொல்ல மறந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதற்குக் கீழே அவர்களுடைய நிபந்தனையும் இருந்தது. நீ முதலில் எழுதியபடியே நல்லான் ராஜகிரிப் பாலத்தில் சாக வேண்டும், கதாநாயகன் என்ன ஆனான் என்று சொல்லாமல் முடிகிற சரித்திரக் கதையை யாரும் வாங்கமாட்டார்கள் என்கிறார்கள். "அந்தப் பழைய அத்தியாயத்தின் நகல் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, நைனா. சேர்த்துக் கொடுத்துவிடட்டுமா? இத்தனை வருஷம் கழித்து அதனால் யாருக்கு என்ன ஆகப்போகிறது?" என்று கேட்டிருக்கிறாய்.

ஆகட்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம். ஆனால் உனக்குத் தெரியாத செய்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதை மட்டும் தனியாகப் பிய்த்துச் சொன்னால் பாதிதான் விளங்கும். தவிர, நீ ஒரு காலத்தில் பத்திரிகையில் எழுதினாய் என்பதற்கு மேல் மாப்பிள்ளைக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. தபாலில் வந்த கடிதம்தானே என்று நீ ஒருத்தி மட்டும் படித்து மடித்து வைத்துவிடாதே, அவருக்கும் படித்துக் காட்டு. அவருக்காகவும் சேர்த்து முதலிலிருந்தே எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த இடங்களை நான் பார்த்த விதமாகப் படித்துக்கொள்.

நீ அனுப்பிய ஒரு சிறுகதைக்குப் பரிசு கொடுத்த அந்த வாரப் பத்திரிகையின் ஆசிரியர், "செஞ்சிக்காரர் நீங்கள், கோட்டையை வைத்து ஒரு தொடர்கதை எழுதுங்களேன்" என்று கேட்டபோது உனக்கு இருபத்திரண்டு வயது. நாம் பொழுது சாய்ந்தால் சாப்பிடாத சமணக் குடும்பம். விறகை அடுப்பில் வைப்பதற்கு முன் எறும்பு ஊருகிறதா என்று தட்டிப் பார்த்து வைக்கிறவள் நீ. அப்படிப்பட்டவள் எழுதிய முதல் மூன்று அத்தியாயங்களை உன் அம்மா படித்துவிட்டு, "இன்னாடி இது, பக்கத்துக்கு நூறு பேர சாவடிச்சி வச்சிருக்கே" என்றாள். "சண்டைன்னா சாவாங்கம்மா" என்று நீ எழுத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நம் வீட்டில் யாரும் ஒரு கோழியை அறுத்துப் பார்த்ததில்லை. நீயோ யானைப்படையையே ஒரே பத்தியில் கவிழ்த்துக்கொண்டிருந்தாய்.

ஆனால் உழைத்தாய். அதை நான் எங்கேயும் சொல்வேன். நான் விழுப்புரத்துக்குச் சரக்கு விஷயமாகப் போகும்போதெல்லாம் நூலகத்தில் இந்தப் புத்தகம் இருக்கிறதா, அந்தப் புத்தகம் இருக்கிறதா என்று கேட்டு வரச் சொல்வாய். ராஜகிரிக் கோட்டைக்கு என்னையும் உன் அம்மாவையும் இழுத்துக்கொண்டு எத்தனை தடவை ஏறினாய் என்பது எனக்கு நினைவில்லை, என் முழங்காலுக்கு நினைவிருக்கிறது. உச்சிக்குப் போவதற்கு முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்குமே, நடுவில் பாலம் போட்டிருக்கும் இடம், அங்கே நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தப் பலகைய எடுத்துட்டா மேல ஒருத்தன் வர முடியாது நைனா. எடுக்கறவன் அந்தப் பக்கம் நின்னு எடுத்தா தப்பிச்சான். இந்தப் பக்கம் நின்னு எடுத்தா செத்தான்" என்றாய். அந்த நிமிஷத்தில்தான் நல்லான் பிறந்தான் என்று நினைக்கிறேன். கோட்டைக் காவலில் நின்ற சாதாரண வீரன். வடக்கிலிருந்து வந்த படை மலையேறும்போது, ராஜாவின் ஆட்களை அந்தப் பக்கம் அனுப்பிவிட்டு, இந்தப் பக்கம் நின்று பாலத்தைப் பிரித்துத் தள்ளுகிறவன்.

அவனுக்கு ஊர் வேண்டுமே என்று தேடினாய். பனமலைக் கோயிலைப் பார்க்கப் போன நாளில் ஏரி நிரம்பிக் கிடந்தது. அந்த ஏரிக்கரையிலேயே நல்லானுக்கு ஒரு வீடு கட்டி, பூவாயி என்று ஒரு மனைவியையும் ஒரு தாயாரையும் குடிவைத்தாய். பூவாயியைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கவும் விட்டாய். அந்த வாரம் கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர், மணிலாக்கொட்டை என்கிற வேர்க்கடலை இந்தப் பக்கம் பயிரானதே நேற்றைக்குத்தான், முற்றுகைக் காலத்தில் அது எப்படி வந்தது என்று விளக்க வேண்டும் என எழுதியிருந்தார். மல்லாட்டை மண்டிக்காரன் மகள் மல்லாட்டையிலேயே சறுக்கினாள் என்று கடைவீதி முழுக்கப் பேச்சு. நீ இரண்டு நாள் யாருடனும் பேசவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பூவாயி கேழ்வரகு அறுத்தாள்.

அந்தக் கதை வந்துகொண்டிருந்த சமயத்தில்தான் சீனாவோடு சண்டை வந்தது. பஞ்சாயத்து ரேடியோவுக்குக் கீழே கூட்டம் நின்று செய்தி கேட்டது. பெண்கள் யுத்த நிதிக்கு வளையலைக் கழற்றிக் கொடுத்தார்கள். சில வாரங்களில் சண்டை நின்றது, கூட்டமும் கலைந்தது. உன் கதையில் மட்டும் முற்றுகை தொடர்ந்து நடந்தது. பத்திரிகை செஞ்சிக்கு வருகிற அன்றைக்கு பஸ் ஸ்டாண்டு கடையில் சீக்கிரமே தீர்ந்துபோகும். நல்லான் பாலத்தை நெருங்கிக்கொண்டிருந்தான்.

தை அமாவாசைக்கு மறுநாள் காலை, மேல்மலையனூரிலிருந்து திரும்புகிற கூட்டத்தோடு ஒரு பெண் பஸ்ஸை விட்டு இறங்கி மண்டி வாசலில் வந்து நின்றாள். உன் வயதுதான் இருக்கும். நெற்றியில் அங்காளம்மன் குங்குமம், கண்ணில் தூக்கமில்லை.

"கத எழுதறவங்க வூடு எதுங்க ஐயா?"

"எந்தக் கதை?"

"கோட்டக் கத. எங்க ஊர்ல டீச்சரம்மா வாராவாரம் படிச்சிக் காட்டும். நான் பனமல."

"என் பொண்ணுதாம்மா எழுதுது. இன்னா விசயம்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "பொண்ணா? நான் யாரோ பெரியவரு எழுதறாருன்னு நெனச்சிக்கினு வந்தேன்." கொஞ்சம் யோசித்து, "பொண்ணுன்னா சொல்லலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

நான் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தேன். யாரோ ரசிகை, உன்னைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போவாள் என்றுதான் நினைத்தேன். உன் அம்மா மோர் கொடுத்தாள். அஞ்சலை என்று பெயர் சொன்னாள். நீ கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாய். அவள் சுற்றி வளைக்கவில்லை.

"கதையில அந்த நல்லான் செத்துடுவாராங்க?"

நீ சிரித்தாய். "இப்பவே சொல்லிட்டா அப்புறம் யாரு படிப்பாங்க? எதுக்குக் கேக்கற?"

"செத்தா பூவாயி தாலிய அறுப்பா. அத டீச்சரம்மா படிக்கும். எங்க மாமியாரு எதுர்ல ஒக்காந்து கேட்டுக்கினு இருக்கும்."

உனக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. பிறகு அவள் சொன்னாள். அவள் புருஷன் முனுசாமி பட்டாளத்தில் இருந்தான். துப்பாக்கிப் பட்டாளம் இல்லை, எல்லையில் மலையை வெட்டி ரோடு போடுகிற பட்டாளம். சண்டை தொடங்கினதிலிருந்து கடிதம் இல்லை. காணவில்லை என்று மட்டும் சர்க்காரிலிருந்து ஒரு தகவல். அவனோடு இருந்த ஆள் ஒருவன், அவர்கள் தங்கின இடமே பனியில் மூடிப்போயிற்று என்று கார்டு எழுதியிருந்தான். அதைக் கேட்டதிலிருந்து அவனுடைய தாயார் கருமாதி செய்துவிட வேண்டும் என்கிறாள்.

"அது மேல தப்பு சொல்லலீங்க. பெத்தவ இல்லீங்களா. படைக்காம உட்டா புள்ள பசியோட சுத்துவான்னு அழுவுது. அதுக்கு சோறே எறங்கறதில்ல. ஊர்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. இந்தக் கத ஆரம்பிச்சதும், பாருடி, நம்ப ஊரு, நம்ப ஏரி, நம்ப புள்ள மாதிரியே சண்டைக்கிப் போனவன், இது நமக்குன்னே யாரோ எழுதறாங்கன்னு அது சொல்லுது. அதுல இன்னா வருதோ அதும்படி செஞ்சிடலாம்னு இருக்குது. கருமாதின்னா மொதல்ல என் வளையலத்தான ஒடைப்பாங்க?"

"அஞ்சலை, அதெல்லாம் நானா நெனச்சி எழுதினது. நல்லான்னு ஒருத்தன் இருந்ததே இல்ல. உங்க ஏரி நல்லா இருந்திச்சின்னு அங்க ஒரு வூட்ட வச்சேன், அவ்ளோதான்."

"கதன்னு எனக்குத் தெரியுங்க. அதுக்குத் தெரியல."

நீ அவள் வளையலைப் பார்த்தாய். பிறகு, "அவன் உசுரோட திரும்பி வர்ற மாதிரி எழுதணும்னு கேக்கறியா?" என்றாய்.

அவள் உடனே ஆமாம் என்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் மோர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். "அப்பிடிச் சொல்லிட்டாலும் தப்புதாங்க. அத நம்பிக்கினு இருந்து, அப்புறம் வரலேன்னா அந்தக் கெழவி தாங்காது. எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தெரியற வரைக்கும் என்ன உட்டுட்டாப் போதும்."

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். நீ கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தாய். அந்த அத்தியாயத்தை நீ ஏற்கெனவே சென்னைக்கு அனுப்பிவிட்டாய் என்பதை அப்போதுதான் சொன்னாய். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை என்றாய். "அதுல பூவாயி வளையல ஒடைக்கறத ரெண்டு பக்கம் எழுதியிருக்கேன் நைனா. ரொம்ப நல்லா வந்திருக்குதுன்னு ஆசிரியர் லெட்டர் போட்டிருக்காரு." பிறகு, "அந்த ரெண்டு பக்கம் எழுதறப்போ நான் சந்தோஷமா இருந்தேன்" என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தைப் பார்த்த எனக்கு, உன்னைத் தேற்ற வேண்டும் என்று தோன்றவில்லை. அது தேற்றிப் போக்குகிற வருத்தமாகவும் தெரியவில்லை. நிறுத்தச் சொல்லி ஒரு கடிதம் போடேன் என்றேன். கடிதம் போய்ச் சேருவதற்குள் அச்சாகிவிடும் என்றாய். மறுநாள் காலை முதல் பஸ்ஸில் நாம் இருவரும் சென்னைக்குக் கிளம்பினோம்.

அந்தப் பத்திரிகை அலுவலகத்தை மாப்பிள்ளைக்கு நீயே வர்ணித்துச் சொல்வாய். எனக்கு நினைவிருப்பது மை வாசனையும், கீழே இயந்திரம் ஓடினால் மாடியில் நாற்காலி அதிர்வதும்தான். ஆசிரியர் மரியாதையான மனிதர். எனக்கும் காப்பி வரவழைத்தார். நீ சொன்னதைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஏம்மா, வாசகர்கள் மாசக்கணக்கா அந்தப் பாலத்துக்காகக் காத்துண்டிருக்கா. இப்போ அவன் சாகலைன்னா என்னன்னு சொல்றது?"

"பிழைச்சான்னும் சொல்லல சார். என்ன ஆனான்னு கீழே ஊர்ல இருக்கறவங்களுக்குத் தெரியாது. அவங்க இருக்கற இடத்துலேர்ந்து அந்த வாரத்தை எழுதறேன்."

"ஓவியர் படம் போட்டாச்சு. அச்சுக்கு பிளாக்கும் செஞ்சு வந்தாச்சு. அவன் செத்துக் கிடக்கறான், பாரு" என்று படத்தை எடுத்து நீட்டினார். பாறைமேல் ஒரு வீரன் குப்புறக் கிடந்தான், முதுகில் அம்பு.

நீ அதை வெகுநேரம் பார்த்தாய். "முகம் தெரியலையே சார்" என்றாய்.

"அதனால?"

"அது நல்லானாத்தான் இருக்கணும்னு இல்ல. மலைமேல ஒருத்தர் கிடந்ததைப் பார்த்தோம், யாருன்னு தெரியலன்னு தப்பி வந்தவங்க ஊர்ல வந்து சொல்லட்டும். படம் அப்படியே இருக்கட்டும்."

அவர் படத்தைத் திருப்பிப் பார்த்தார். சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்றார். நான் மல்லாட்டை வியாபாரி, எனக்கு இதில் என்ன தெரியும் என்றேன். ஆனால் பெண் இவ்வளவு தூரம் பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் வந்திருக்கிறாள், அதனால் எழுத விடுங்கள் என்றும் சொன்னேன். சாயங்காலத்துக்குள் கொடுத்தால் பார்க்கிறேன், இல்லாவிட்டால் பழையதுதான் அச்சேறும் என்றார். உன்னை ஒரு மூலை மேஜையில் உட்கார வைத்தார்கள். நான் கீழே போய் வாழைப்பழம் வாங்கி வந்து பக்கத்தில் வைத்தேன். நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலில் வெயில் மஞ்சளாகி, சிவந்து, போய்விட்டது. பேனாவை நீ வைத்தபோது விளக்குப் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் நீ சாப்பிடமாட்டாய். அன்றைக்கு நீ பட்டினி. பழத்தை அந்த அலுவலகப் பையனிடமே கொடுத்துவிட்டு வந்தோம்.

திரும்பும் பஸ்ஸில் உன்னைக் கேட்டேன், அஞ்சலையைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு வாதாடியிருக்க வேண்டாமே என்று. "சொல்லியிருந்தா பனமலைக்கு போட்டோ எடுக்க ஆள் அனுப்பியிருப்பாங்க நைனா" என்றாய். அதுவரை நீ கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் உன்னிடம் எனக்கு ஒரு மரியாதை வந்தது. இதை இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லாமலே இருந்திருக்கிறேன்.

புது அத்தியாயத்தை அச்சில்தான் நான் படித்தேன். கோட்டை விழுந்துவிட்டது. தப்பித்தவர்கள் ஏரிக்கரை வழியாக ஒவ்வொருவராகப் போகிறார்கள். பூவாயி ஒவ்வொருவரையும் நிறுத்திக் கேட்கிறாள். ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். நல்லானின் தாய் இலையைப் போட்டு, காக்கைக்குப் படைக்கச் சோற்றை எடுத்துவிடுகிறாள். பூவாயி தடுக்கவில்லை. "அத்தே, பாதிய மூடி வைப்போம். வந்தா பசியோட வருவாரு" என்கிறாள். கிழவி கையில் சோற்றோடு நிற்கிறாள். பிறகு பாதியைப் பானையில் திரும்பப் போட்டு மூடுகிறாள். அவ்வளவுதான். ஒரு வாளும் இல்லை, ஒரு சொட்டு ரத்தமும் இல்லை. உன் அம்மா படித்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

மாசி அமாவாசைக்கு அஞ்சலை மறுபடி வந்து சொன்னதை நீயும் கேட்டாய். டீச்சரம்மா படித்துக்கொண்டிருக்கும்போதே மாமியார் பாதியில் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாளாம். இவள் பயந்துகொண்டே பின்னால் போனாளாம். கிழவி அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தாள். "ராவுக்கு ஒரு பிடி அரிசி சேத்துப் போடுடி" என்றாளாம். அதற்கு மேல் கருமாதிப் பேச்சை எடுக்கவில்லையாம்.

அதற்கு நீ கொடுத்த விலையையும் மாப்பிள்ளைக்குச் சொல். வாசகர்கள் கோபப்பட்டார்கள். பாலத்தைக் காட்டி ஏமாற்றிவிட்டார் என்று பத்திரிகைக்குக் கடிதம் கடிதமாக வந்தது, அவற்றை உனக்கே அனுப்பிவைத்தார்கள். ஆசிரியர் நாலைந்து வாரத்தில் கதையை முடிக்கச் சொல்லிவிட்டார். அடுத்த தொடருக்கு அவர் உன்னைக் கேட்கவில்லை. நீ அதை ஒரு பொருட்டாகக் காட்டிக்கொள்ளவில்லை, ஆனால் நீ கதை எழுத நான் மண்டியிலிருந்து எடுத்துவரும் பழைய தாள்களை அதன் பிறகு நீ என்னிடம் கேட்கவும் இல்லை. ஆவணியில் உன் கல்யாணம் நிச்சயமாயிற்று.

இனி உனக்குத் தெரியாதது. உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம், மண்டியில் பந்தல்காரனோடு நான் பேசிக்கொண்டிருந்தபோது அஞ்சலை வந்தாள். கூடவே மாமியாரும் வந்திருந்தாள். மெலிந்த, உயரமான பெண்பிள்ளை. நான் மனதில் வைத்திருந்த கிழவிக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. பட்டாளத்திலிருந்து தகவல் வந்துவிட்டது. பிடிபட்டு இருந்தவர்களெல்லாம் திரும்பி வந்ததில் முனுசாமி இல்லை. பனி உருகினபோது கிடைத்தவர்களில் இருந்தான். அடையாளம் கண்டிருக்கிறார்கள். அஞ்சலையின் கையில் வளையல் இல்லை. "பாப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. கல்யாண வூட்டுக்கு நான் வரக்கூடாது" என்றாள். மாமியார் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நானும் உன் அம்மாவும் கலந்து பேசி, மணப்பெண்ணிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று இருந்துவிட்டோம். அப்புறம் நீ பெங்களூர் போய்விட்டாய். அஞ்சலை எங்கே என்று நீ கடிதத்தில் கேட்டபோதெல்லாம் சுகமாக இருக்கிறாள் என்று எழுதினேன். அது பொய்யில்லை.

அவளுக்குப் பென்ஷன் வருகிறது. மாமியாரும் அவளும் சேர்ந்து ஏரிப் பாசனத்துக்கு மேலே கொஞ்சம் மேட்டு நிலம் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போடுகிறார்கள். அறுவடையானால் நம் மண்டிக்குத்தான் கொண்டுவருவாள். எடை போடும்போது கிழவி தராசு முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்கமாட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதைக் கேட்டால் தாயும் மகளும் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது என்றேன் அல்லவா. நேற்று, சனிக்கிழமை, அஞ்சலை விதைக்காய் வாங்க வந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. சாக்கு மூட்டைமேல் உட்காரச் சொல்லி, உன் கேள்வியை அவளிடமே வைத்தேன். கதை புத்தகமாக வரப்போகிறது, ஆனால் நல்லான் பாலத்தில் செத்ததாக எழுத வேண்டும் என்கிறார்கள், பத்மா யோசிக்கிறாள் என்றேன். அவள் வருத்தப்படுவாள், வேண்டாம் என்பாள் என்றே நினைத்தேன். இந்தப் பெண் விஷயத்தில் நான் எதிர்பார்த்தது எதுவும் நடந்ததில்லை.

"எழுதட்டுங்க. அதான் இப்ப தெரிஞ்சிப்போச்சே" என்றாள். "அன்னிக்கி எனக்குத் தெரியாது, அதனால கேட்டேன். பாப்பா அந்த வாரம் அப்பிடி எழுதலன்னா, ஊரு கூடி என்ன ஒக்கார வச்சி அழ வச்சிருக்கும். எதுக்கு அழுவறேன்னு தெரியாமயே அழுதிருப்பேன். நான் சர்க்காரு காயிதம் வந்தப்புறந்தான் அழுதேன். நல்லா அழுதேன், ஐயா. நானும் கெழவியும் ஒரே பாயில படுத்துக்கினு அழுதோம். அன்னிக்கி மட்டும் என் வளையல அது ஒடச்சிருந்தா, நான் அது மொகத்த இன்னிக்கிப் பாப்பேனா?"

இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். நீ எழுதிய ஒரு அத்தியாயத்தால் செத்தவன் பிழைக்கவில்லை. அதை நீயும் எதிர்பார்த்திருக்கமாட்டாய். ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் இன்றைக்கும் ஒரே பானையில் சமைக்கிறார்கள். அந்தப் பத்திரிகையின் வாசகர்கள் உன்மேல் கோபப்பட்டு எழுதியதையெல்லாம் நீ பத்திரப்படுத்தி வைத்திருந்தாயே, அவற்றோடு இதையும் வைத்துக்கொள். பதிப்பகத்தாருக்கு என்ன பதில் எழுதுவது என்பதை நான் சொல்லப்போவதில்லை. பாலத்தில் அவன் செத்தான் என்று எழுதினால் அஞ்சலைக்கு வருத்தமில்லை, அது தெரிந்துவிட்டது. எழுதாவிட்டால் புத்தகம் வராமல் போகலாம், அதையும் நீ தாங்குவாய். ஆனால் அந்தப் பழைய இரண்டு பக்கத்தை எடுத்து அப்படியே கொடுத்துவிடாதே. அவற்றை எழுதியவள் வேறு ஒரு பெண். இருபத்திரண்டு வயது, யாரையும் இழந்ததில்லை, யாரும் வந்து எதிரில் உட்கார்ந்ததுமில்லை. நீ இப்போது அவள் இல்லை. எழுதுவதானால் இப்போதிருக்கிற நீ உட்கார்ந்து எழுது. குழந்தை தூங்குகிற நேரம் போதும். வீட்டு வேலைக்கு ஆள் வேண்டுமானால் உன் அம்மா ஒரு மாதம் வந்து இருக்கிறேன் என்கிறாள், நானும் சமாளித்துக்கொள்வேன்.

இன்னும் ஒன்று பாக்கி. விதைக்காய் மூட்டையைத் தலைமேல் தூக்கிவிட ஆள் வந்த பிறகு, அஞ்சலை நின்று என்னைக் கேட்டாள்.

"அந்தக் கதையில பூவாயி அப்புறம் இன்னா ஆனா?"

"அதோட கத முடிஞ்சிடுச்சே அம்மா. கோட்டையும் போச்சி, நல்லானும் வரல" என்றேன்.

"அவருதான் வரல. அவ இருக்காளே" என்றாள்.

மூட்டையைத் தலையில் சரிசெய்துகொண்டு வெளியே இறங்கியவள், "பாப்பாவ கேட்டு வைய்ங்க ஐயா. அறுப்பு முடிஞ்சி காய் கொண்டாரப்போ வந்து கேக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நைனா